பறத்தல்: அடிப்படை அறிவியலும் தொடக்க கால வரலாறும்

பறத்தல் என்பது ஒரு பொருளோ உயிரோ நிலத்தையும் நீரையும் தொடாமல், காற்றைத் துணையாகக் கொண்டு நகர்வதைக் குறிக்கும். பூச்சிகளும் பறவைகளும் வௌவால்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பறந்து வருகின்றன. மனிதன் பலூனில் ஏறி வானில் மிதந்தது 1783-இல். காற்றை விடக் கனமான, எஞ்சின் பூட்டிய, தன் விருப்பப்படி செலுத்தக்கூடிய ஊர்தியில் பறந்தது 1903-இல். இடையில் 120 ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பறப்பதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. எடையை எது தூக்கும்? ஊர்தியை எது முன்னால் தள்ளும்? மேலே ஏறிய பின் கவிழாமல் எப்படிச் செலுத்துவது? முதல் இரண்டு கேள்விகளுக்கும் அறிவாளிகள் பலர் விடை தேடினர். மூன்றாவதைப் பெரும்பாலோர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். அதற்குப் போதிய விடை இல்லாமலே காற்றில் ஏறியவர்களில் சிலர் உயிரையே இழந்தனர்.

மிதப்பது வேறு, பறப்பது வேறு

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடை கொண்டது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு சிறிய அறையில் 30 கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது. ஒன்றுமில்லாத வெற்றிடம் என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒரு மூட்டை அரிசிக்கும் கூடுதலான எடை இருக்கிறது என்பதை மனத்தில் கொண்டால், பறத்தலின் பாதி மர்மம் விலகிவிடும்.

பலூன் இந்த எடையைப் பயன்படுத்துகிறது. சூடான காற்று, குளிர்ந்த காற்றை விட அடர்த்தி குறைந்தது. ஹைட்ரஜன் அதை விடவும் மிகக் குறைந்தது. தான் விலக்கும் காற்றின் எடையை விடப் பலூனின் மொத்த எடை குறைவாக இருந்தால், நீரில் தக்கை எழுவது போல அது மேலே எழும். ஆர்க்கிமிடீஸ் நீருக்குச் சொன்ன விதி காற்றுக்கும் பொருந்துகிறது. பிரான்சில் மான்கோல்ஃபியர் சகோதரர்கள் செய்த வெப்பக் காற்றுப் பலூனில் 1783 நவம்பர் 21 அன்று பிலாத்ர் த ரோசியே, மார்க்கி தார்லாந்த் ஆகிய இருவரும் பாரிஸ் நகரின் மீது ஏறத்தாழ 25 நிமிடங்கள் மிதந்து சென்றனர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவை சோதனைக்காக அனுப்பப்பட்டு உயிருடன் இறங்கியிருந்தன.

ஆனால் பலூன் காற்று போகும் திசையில்தான் போகும். அது காற்றின் பயணி. பறவை அப்படியல்ல, காற்றை விடக் கனமாக இருந்தும் எதிர்க்காற்றிலும் தான் நினைத்த இடத்துக்குச் செல்கிறது. மனிதனின் ஆசை அதன் மீதுதான் இருந்தது.

இறக்கை எப்படித் தூக்குகிறது?

நேர்கோட்டில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயல்படுகின்றன. எடை கீழே இழுக்கிறது. தூக்கு விசை மேலே தூக்குகிறது. எஞ்சின் தரும் உந்துவிசை முன்னால் தள்ளுகிறது. காற்றின் தடையாகிய இழுவை விசை பின்னால் இழுக்கிறது. தூக்கு விசை எடைக்குச் சமமாகவும், உந்துவிசை இழுவைக்குச் சமமாகவும் இருக்கும்போது விமானம் சீராகச் செல்லும்.

இவற்றுள் புரிந்துகொள்ளச் சற்றுக் கடினமானது தூக்கு விசை. ஒரு தட்டையான அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மின்விசிறியின் முன் நில்லுங்கள். அட்டை காற்றின் திசைக்கு இணையாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நிகழாது. காற்றை எதிர்நோக்கும் விளிம்பைச் சற்று உயர்த்திப் பிடித்தால் அட்டை மேலே எழப் பார்க்கும். காரணம் எளிது. சாய்ந்த அட்டை தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அட்டை காற்றைக் கீழே தள்ளினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று அட்டையை மேலே தள்ளும். மாட்டுப் பொங்கல் அன்று மொட்டை மாடியில் பட்டம் விடும் சிறுவனின் கையில் நூல் இழுபடுவதும் இதனால்தான்.

அட்டைக்குப் பதிலாக, மேற்புறம் மெல்ல வளைந்த இறக்கை இருந்தால் காற்று அதன் மேற்பரப்பை ஒட்டியே வளைந்து, இன்னும் சீராகக் கீழே திரும்பும். அப்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்று விரைவாகச் செல்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கீழ்ப்புறத்தில் அழுத்தம் அதை விடக் கூடுதலாக உள்ளது. இந்த அழுத்த வேறுபாடே இறக்கையைத் தூக்குகிறது. காற்று கீழே திரும்புகிறது என்று நியூட்டன் வழியில் சொன்னாலும், வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைகிறது என்று பெர்னூலி வழியில் சொன்னாலும் இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு கணக்குகளே. எது சரி என்று சண்டையிடத் தேவையில்லை.

ஆனால் பல பாடநூல்களில் இடம்பெற்றுவிட்ட ஒரு விளக்கம் தவறானது. இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே செல்லும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே செல்லும் காற்றுடன் பின் விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டியிருப்பதால் அது வேகமாக ஓடுகிறது என்பார்கள். பிரிந்த காற்று மறுபடி ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுப் பார்த்தால், மேலே சென்ற காற்று கீழே சென்றதற்கு முன்பாகவே பின் விளிம்பை அடைந்துவிடுவது தெரியும். மேலும் அந்த விளக்கம் உண்மையானால் விமானம் தலைகீழாகப் பறக்க முடியாது. சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பதை நாம் பார்க்கிறோம். தேர்வில் இவ்வாறு எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் ஏராளம். அதனாலேயே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்று வரும் திசைக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் தாக்கு கோணம் எனப்படும். இக்கோணம் கூடக் கூடத் தூக்கு விசையும் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். வழக்கமான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேற்புறக் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்து சுழலத் தொடங்கும். தூக்கு விசை சட்டென்று சரியும். இதை ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம். தொடக்க காலப் பறப்பாளர்களைக் கொன்றவற்றுள் இது முதன்மையானது.

வேகமும் முக்கியம். வேகம் இரு மடங்கானால் தூக்கு விசை நான்கு மடங்காகும். அதனால்தான் மெதுவாகப் பறக்கும் ஊர்திக்குப் பெரிய இறக்கை வேண்டும். 1903-ஆம் ஆண்டின் ரைட் விமானம் ஓட்டுநருடன் ஏறத்தாழ 340 கிலோ எடை கொண்டது. அதன் இறக்கைகளின் பரப்பு 47 சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரும் 7 கிலோவைத்தான் தூக்க வேண்டியிருந்தது. இன்றைய பயணிகள் விமானத்தில் ஒரு சதுர மீட்டர் இறக்கை 600 கிலோவுக்கு மேல் தூக்குகிறது. காற்று அதே காற்றுதான், வேகம்தான் வேறு.

சிறகடிக்கும் கனவு

நெடுங்காலம் மனிதன் பறவையைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றான். லியொனார்டோ டா வின்சி சிறகடிக்கும் பொறிகளைப் பல தாள்களில் வரைந்தார். இத்தாலிய அறிஞர் போரெல்லி, 1680-இல் வெளியான தம் நூலில், மனிதத் தசைகளின் வலிமை உடல் எடையைச் சிறகடித்துத் தூக்கப் போதாது என்று காட்டினார். உடல் பெரிதாகும்போது எடை கன அளவில் கூடுகிறது; இறக்கைப் பரப்போ சதுர அளவில்தான் கூடுகிறது. சிட்டுக்குருவிக்கு எளிதாக இருப்பது மனிதனுக்குக் கைகூடாததன் காரணம் இதுவே. மனிதத் தசையால் பறக்கவே முடியாது என்பதில்லை. 1979-இல் பிரையன் ஆலன் என்பவர் மிதிகட்டையை மிதித்தே ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். ஆனால் அதற்கு ஏறத்தாழ 30 மீட்டர் அகல இறக்கையும், 20-ஆம் நூற்றாண்டின் இலேசான செயற்கைப் பொருள்களும் வேண்டியிருந்தன. அந்த ஊர்தியும் சிறகடிக்கவில்லை, சுழல்விசிறியால் சென்றது.

ஜார்ஜ் கேலி

சிறகடிக்கும் கனவிலிருந்து பறத்தலை விடுவித்தவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் ஜார்ஜ் கேலி. பறவையின் சிறகு இரண்டு வேலைகளைச் செய்கிறது: தூக்குகிறது, முன்னால் தள்ளவும் செய்கிறது. இரண்டையும் ஒரே உறுப்பு செய்ய வேண்டியதில்லை என்பதே கேலியின் பெரிய கண்டுபிடிப்பு. அசையாத இறக்கை தூக்கட்டும், வேறொரு பொறி தள்ளட்டும், வால் நிலைப்படுத்தட்டும். 1799-இல் ஒரு சிறு வெள்ளித் தகட்டின் ஒரு பக்கத்தில் இத்தகைய ஊர்தியின் படத்தையும், மறுபக்கத்தில் இறக்கையின் மீது செயல்படும் விசைகளையும் அவர் பொறித்தார். இன்றைய விமானத்தின் கருவுரு அதுதான்.

கேலி வெறும் படம் வரைந்தவர் அல்லர். சுழலும் கையின் முனையில் தகடுகளைப் பொருத்திக் காற்றின் விசையை அளந்தார். 1809, 1810 ஆண்டுகளில் தம் முடிவுகளைக் கட்டுரைகளாக வெளியிட்டார். ஊர்தியின் சக்கரம் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காக, மரக் கால்களுக்குப் பதில் இழுத்துக் கட்டிய கம்பிகள் கொண்ட சக்கரத்தைச் சிந்தித்தவரும் அவரே. பின்னாளில் அதே வகைச் சக்கரம் சைக்கிளுக்கு வந்தது. அந்தச் சைக்கிளைச் செய்து விற்ற இருவர்தாம் விமானத்தையும் செய்தனர்.

1853-இல், தம் எண்பதாவது வயதை நெருங்கும்போது, கேலி ஒரு பெரிய கிளைடரைச் செய்து தம் குதிரை வண்டிக்காரரை அதில் ஏற்றி ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே பறக்கவிட்டார். இறங்கியதும் அவர், வண்டி ஓட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், பறக்க அல்ல என்று சொல்லி வேலையை விட்டதாகக் கேலியின் பேத்தி வழியாக ஒரு செய்தி வழங்குகிறது.

ஓட்டோ லிலியன்தால்

ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ லிலியன்தால் 1848-இல் பிறந்தார். இளமையிலிருந்தே தம் தம்பி குஸ்டாவுடன் நாரைகளின் பறத்தலைக் கூர்ந்து கவனித்தார். தட்டையான இறக்கையை விட வளைந்த இறக்கை மிகுதியாகத் தூக்கும் என்பதைப் பல ஆண்டுகள் அளந்து, 1889-இல் நூலாக வெளியிட்டார். 1891 முதல் தாமே பறக்கத் தொடங்கினார். மரக் குச்சிகளாலும் துணியாலும் ஆன கிளைடரை முன்கைகளில் மாட்டிக்கொண்டு, மேட்டிலிருந்து எதிர்க்காற்றில் ஓடிக் குதிப்பார். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் இதற்கென்றே 15 மீட்டர் உயரச் செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பினார். ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். மிக நீண்ட பறத்தல்கள் 250 மீட்டர் வரை சென்றன. அவர் பறக்கும் ஒளிப்படங்கள் உலகெங்கும் இதழ்களில் வெளிவந்தன. மனிதன் இறக்கையுடன் காற்றில் இருப்பதை மக்கள் முதன்முறையாகப் படத்தில் கண்டனர்.

அவருடைய கிளைடரில் செலுத்துவதற்கென்று கருவி ஏதும் பெரிதாக இல்லை. கால்களையும் இடுப்பையும் ஆட்டி, தம் எடையை இங்குமங்கும் மாற்றித்தான் சமநிலை பெற வேண்டும். மெல்லிய காற்றில் இது போதும். காற்று சட்டென வீசினால் மனித உடலின் அசைவு அதற்கு ஈடுகொடுக்காது. 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் என்ற ஊருக்கு அருகே உள்ள குன்றிலிருந்து பறந்தபோது, கிளைடரின் மூக்கு உயர்ந்து, ஊர்தி ஸ்டால் ஆனது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார். அவர் வழியைப் பின்பற்றிய ஆங்கிலேயர் பெர்சி பில்ச்சர் 1899-இல் அதேபோல் விழுந்து மாண்டார்.

எஞ்சினை நம்பியவர்கள்

அதே காலத்தில் வேறு சிலர், வலுவான எஞ்சின் கிடைத்தால் மற்றவை தாமே நடக்கும் என்று நம்பினர். பிரான்சின் கிளெமான் அதே 1890-இல் நீராவி எஞ்சின் பூட்டிய ஊர்தியில் தரையிலிருந்து சற்றே எழுந்து ஏறத்தாழ 50 மீட்டர் தாவினார்; அதை அவரால் செலுத்த முடியவில்லை. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் மூன்றரை டன் எடையில் ஒரு பெரும் பூதத்தைக் கட்டி 1894-இல் தண்டவாளத்தில் ஓட்டினார். அது எழுந்து காப்புத் தண்டவாளத்தை முறித்ததோடு சரி.

அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர், மதிப்புமிக்க வானியலாளர். 1896-இல் அவருடைய ஆளில்லா நீராவி மாதிரி ஊர்தி போட்டோமாக் ஆற்றின் மீது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. இது உண்மையான சாதனை. இதைக் கண்டு அமெரிக்கப் போர்த்துறை, ஆள் ஏறும் ஊர்தி செய்ய 50,000 டாலர் தந்தது. அவருடைய உதவியாளர் சார்லஸ் மான்லி அக்காலத்துக்கு வியப்பான 52 குதிரைத் திறன் எஞ்சினை உருவாக்கினார். படகு வீட்டின் கூரையிலிருந்து கவண் போன்ற ஏவுபொறியால் ஏவப்பட்ட அந்த ஊர்தி 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் நேராக ஆற்றில் விழுந்தது. ஓட்டுநராக இருந்த மான்லி இரண்டு முறையும் உயிர் தப்பினார். மாதிரி ஊர்தியை நான்கு மடங்கு பெரிதாக்கினால் அது அப்படியே பறக்கும் என்ற எண்ணமே அங்கே பிழைத்தது. அதில் ஏறிய மான்லியோ அதற்கு முன் ஒரு கிளைடரில்கூடப் பறந்ததில்லை.

சைக்கிள் கடையிலிருந்து

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்ற சகோதரர்கள் சைக்கிள் செய்து விற்று வந்தனர். இருவரும் கல்லூரிக்குச் சென்றதில்லை. லிலியன்தாலின் சாவு அவர்களைப் பறத்தலின் பக்கம் ஈர்த்தது. 1899 மே 30 அன்று வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, இத்துறை நூல்களைப் பற்றிய விவரம் கேட்டார். அவற்றைப் படித்த பிறகு சகோதரர்கள் கண்ட முடிவு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது: இறக்கையும் எஞ்சினும் ஓரளவு தெரிந்த விஷயங்கள், தெரியாதது செலுத்தும் கலை.

இதற்குச் சைக்கிள் உதவியது என்று கருத இடமுண்டு. நிற்கும் சைக்கிள் விழுந்துவிடும். அதை விழாமல் வைத்திருப்பது சக்கரமல்ல, ஓட்டுபவரின் இடைவிடாத சிறு திருத்தங்களே. வளைவில் திரும்பும்போது உடலோடு சாய வேண்டும். மற்ற ஆய்வாளர்கள் விமானத்தைக் கப்பல் போலவும் மோட்டார் வண்டி போலவும் தட்டையாகத் திருப்ப நினைத்தபோது, ரைட் சகோதரர்கள் அதைச் சாய்த்துத் திருப்ப நினைத்தனர்.

வானில் ஊர்தி மூன்று வகையாக அசைய முடியும். மூக்கு மேலும் கீழும் போகலாம். இடமும் வலமும் திரும்பலாம். ஓர் இறக்கை தாழ மறு இறக்கை உயர்ந்து பக்கவாட்டில் உருளலாம். முதல் இரண்டுக்கும் கப்பல் சுக்கான் போன்ற பலகைகள் போதும். உருளுவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? வில்பர் ஒரு நாள் கடையில் சைக்கிள் டியூப் வந்த நீண்ட அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருந்தார். மேல் கீழ் என அடுக்கிய இரட்டை இறக்கையையும் இப்படி முறுக்கினால், ஒரு பக்க முனையில் தாக்கு கோணம் கூடும், மறுபக்கம் குறையும். ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும். 1899-இலேயே ஐந்தடிப் பட்டம் ஒன்று செய்து இதைச் சோதித்து வெற்றி கண்டனர்.

அடுத்து ஆள் ஏறும் கிளைடர். சீரான காற்றும், விழுந்தால் அடிபடாத மணலும் வேண்டி, வட கரோலினாவின் கடலோரச் சிற்றூரான கிட்டி ஹாக்கைத் தேர்ந்தெடுத்தனர். 1900-ஆம் ஆண்டுக் கிளைடர் ஓரளவு நம்பிக்கை தந்தது. 1901-இல் இன்னும் பெரிதாகச் செய்தது ஏமாற்றியது. லிலியன்தாலின் அட்டவணைப்படி கணக்கிட்ட தூக்கு விசையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. போதாதென்று, இறக்கையை முறுக்கினால் ஊர்தி சில நேரம் எதிர்ப்பக்கம் திரும்பியது. மனம் தளர்ந்த வில்பர், மனிதன் தங்கள் வாழ்நாளில் பறக்கப்போவதில்லை என்று ஊர் திரும்பும் வழியில் சொன்னதாக ஓர்வில் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் இந்த வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது. அடுத்த கிளைடரைக் கட்ட ஓடவில்லை. எல்லோரும் நம்பியிருந்த எண்களையே சந்தேகித்தனர். முதலில் ஒரு சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைக் கிடைமட்டமாகப் பொருத்தி, அதில் தகடுகளை நிறுத்தித் தெருவில் ஓட்டிப் பார்த்தனர். பிறகு கடையிலேயே ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்தனர். இரும்பறுக்கும் வாள்தகடுகளையும் சைக்கிள் கம்பிகளையும் கொண்டு தராசுகளைச் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். லிலியன்தாலின் அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. தவறு வேறிடத்தில் இருந்தது. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் பயன்படுத்திய ஸ்மீட்டன் மாறிலி 0.005 என்று கொள்ளப்பட்டிருந்தது. உண்மையில் அது 0.0033 என்று அவர்கள் கண்டனர். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒற்றை எண் அது. குட்டையான அகல இறக்கையை விட நீண்ட ஒடுங்கிய இறக்கை சிறந்தது என்பதும் அச்சோதனைகளில் தெளிவானது.

1902-ஆம் ஆண்டுக் கிளைடர் இந்த அளவுகளின்படி செய்யப்பட்டது. தூக்கு விசைச் சிக்கல் தீர்ந்தது. எதிர்ப்பக்கம் திரும்பும் சிக்கல் தீரவில்லை. அதன் காரணம் இது: மிகுதியாகத் தூக்கும் இறக்கை முனை மிகுதியாக இழுவையையும் பெறுகிறது, ஆகவே உயரும் பக்கம் பின்தங்கி, மூக்கு அப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. பின்னால் அசையாத செங்குத்து வால் வைத்தும் பயனில்லை. அந்த வால் அசைய வேண்டும் என்று தூக்கம் வராத ஓர் இரவில் ஓர்வில் கண்டார். அதை இறக்கை முறுக்கும் கயிற்றுடனேயே இணைத்துவிடலாம் என்றார் வில்பர். அந்த மாற்றத்துடன் ஊர்தி சொன்னபடி கேட்டது. அந்த இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் முறை சறுக்கிப் பறந்தனர். என் பார்வையில் விமானம் பிறந்த ஆண்டு 1902 என்றே சொல்லலாம். 1903-இல் அதற்கு எஞ்சின் பூட்டப்பட்டது.

1903 டிசம்பர்

இலேசான எஞ்சின் செய்து தர எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை. அவர்கள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் 12 குதிரைத் திறன் எஞ்சின் ஒன்றைச் செய்து முடித்தார். சுழல்விசிறிதான் பெரிய தலைவலியாக இருந்தது. கப்பல் விசிறிக்கான சூத்திரங்கள் உதவவில்லை. விசிறி என்பது சுழலும் இறக்கையே என்று கண்டு, தங்கள் காற்றுச் சுரங்க அளவுகளைக் கொண்டே அதை வடிவமைத்தனர். லாங்லியின் எஞ்சினில் நான்கில் ஒரு பங்கு திறனும் இல்லாத எஞ்சின் அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததன் இரகசியம் அந்த விசிறிகளில் உள்ளது.

டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டிப் போட்டதில் வில்பர் வென்றார். மூக்கை அதிகம் உயர்த்தியதால் ஊர்தி மூன்றரை வினாடியில் ஸ்டால் ஆகி மணலில் இறங்கியது. பழுது பார்த்து, 17-ஆம் நாள் காலை 10.35 மணிக்கு ஓர்வில் ஏறினார். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்று வீசிய கடுங்குளிர் நாள். கீழ் இறக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இடுப்பை அசைத்தால் இறக்கை முறுக்கும். 12 வினாடிகளில் 36.5 மீட்டர் சென்றது. இன்றைய ஏர்பஸ் 320 விமானத்தின் நீளத்தை விடச் சற்றுக் குறைவு. அன்று நண்பகலில் நான்காவது முறையாக வில்பர் 59 வினாடிகள், 260 மீட்டர் பறந்தார். ஐந்து பேர் பார்த்திருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் டேனியல்ஸ் ஓர்வில் நிறுத்தி வைத்த கேமராவை அழுத்தினார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. சற்று நேரத்தில் பெருங்காற்று ஊர்தியைப் புரட்டிப் போட்டு உடைத்துவிட்டது. அது மறுபடி பறக்கவேயில்லை. தந்தைக்கு அனுப்பிய தந்தியில் 59 வினாடி 57 ஆகிவிட்டது.

நம்பாத உலகம்

1904, 1905 ஆண்டுகளில் டேட்டனுக்கு அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் தொடர்ந்து பறந்தனர். 1904 செப்டம்பர் 20 அன்று முதன்முறையாக முழு வட்டம் அடித்தனர். அதை நேரில் கண்டு எழுதி வெளியிட்டது பெரிய நாளேடு எதுவும் அன்று. ஆமோஸ் ரூட் என்பவர் நடத்திய தேனீ வளர்ப்பு இதழ். 1905 அக்டோபர் 5 அன்று 39 நிமிடங்களில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் பறந்தனர். பின்னர் காப்புரிமையும் ஒப்பந்தமும் கிடைக்கும் வரை இரண்டரை ஆண்டுகள் பறப்பதையே நிறுத்திவிட்டனர். இந்த மறைப்பே பிறரின் ஐயத்தை வளர்த்தது.

ஐரோப்பா வேறு வழியில் வந்தது. பிரேசில் நாட்டவரான ஆல்பெர்ட்டோ சான்டோஸ் துமோன் 1906 நவம்பர் 12 அன்று பாரிஸில் மக்கள் முன்னிலையில் 220 மீட்டர் பறந்தார். அவர் தண்டவாளமோ ஏவுபொறியோ இல்லாமல் சக்கரங்களில் ஓடி எழுந்தார் என்பதால் பிரேசிலில் அவரையே விமானத்தின் தந்தை எனக் கொண்டாடுகின்றனர். 1908 ஆகஸ்ட் 8 அன்று வில்பர் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகே இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பறந்தார். ஆனால் அவர் சாய்ந்து வளைந்து வட்டமடித்ததைக் கண்ட பிரெஞ்சுப் பறப்பாளர்களுக்குத் தாங்கள் இதுவரை செய்தது தாவல்தான் என்று புரிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவர் விமானத்திலும் இறக்கை முறுக்கும் அமைப்பே இருந்தது. பின்னர் அதன் இடத்தை இறக்கையின் பின் விளிம்பில் அசையும் எய்லரான் பலகைகள் பிடித்தன. இன்றும் சன்னலோர இருக்கையில் அமர்ந்தால் அவை அசைவதைக் காணலாம்.

விலையும் இருந்தது. 1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மயர் படைத்தளத்தில் ஓர்வில் ஓட்டிய விமானத்தின் விசிறி பிளந்து விழுந்ததில், உடன் சென்ற தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவர்.

முதல் விமானம் எது?

வில்பர் 1912-இல் டைபாய்டு காய்ச்சலால் 45-ஆம் வயதில் இறந்தார். 1914-இல், ரைட் காப்புரிமைக்கு எதிராக வழக்காடிக்கொண்டிருந்த கிளென் கர்டிஸ், லாங்லியின் பழைய ஊர்தியை எடுத்துப் பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் பறக்கவிட்டார். மாற்றங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லாமல், ஆளேற்றிப் பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லியின் ஊர்தியைக் காட்சிக்கு வைத்தது. லாங்லி அந்நிறுவனத்தின் முன்னாள் செயலர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. மனம் வெறுத்த ஓர்வில், 1928-இல் தங்கள் 1903-ஆம் ஆண்டு விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்.

1942-இல்தான் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1914-இல் செய்த மாற்றங்களின் பட்டியலை வெளியிட்டுத் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. ஓர்வில் 1948 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று, முதல் பறத்தலின் 45-ஆம் ஆண்டு நிறைவில், அந்த விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வந்தது. ஓர்விலின் சொத்துப் பொறுப்பாளர்கள் அதை ஒரு டாலருக்கு விற்றனர், ஒரு நிபந்தனையுடன்: வேறு எந்த ஊர்தியையாவது 1903-க்கு முன் ஆளேற்றிக் கட்டுப்பாட்டுடன் எஞ்சினால் பறக்கும் திறன் பெற்றிருந்தது என்று நிறுவனம் அறிவித்தால், விமானத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.